ஞாயிற்றுக்கிழமை சொன்னது

பிப்ரவரி 20, திங்கள்

நார்பர்ட் இன்று மறுபடியும் பீட்ரூட் என்றான்.

காலையில் அவனுக்குப் பிறகு கழிப்பறைக்குப் போனேன். தண்ணீர் இழுத்துவிட மறந்திருக்கிறான். கோப்பையில் தண்ணீர் இளஞ்சிவப்பாக நின்றது. என்ன இது என்று கேட்டதற்கு, "பீட்ரூட் ஊறுகாய். உன் தம்பி யூஜின் கடைக்குக் கொண்டுவந்தான். ஒரு பாட்டிலையும் நானே காலி பண்ணிட்டேன்" என்றான். போன வாரமும் இதே பதில்தான். கடை என்றால் இவன் வேலை செய்கிற, படகு விற்கிற கடை. அங்கே நின்று ஊறுகாய் தின்பானா ஒருத்தன்?

ஆனால் இவனிடம் எதைத்தான் நம்புவது? நான்காம் வகுப்பிலிருந்து தெரிந்தவன். கோயிலின் பங்குப் பள்ளியில் ஒரே பெஞ்சு. அன்றைக்கே சிஸ்டரிடம் வீட்டுப்பாடத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னவன். இன்னும் கிளம்பாதபோதே "பாலத்துக்கிட்ட வந்துட்டேன்" என்பான். ஏரியில் பிடித்த மீன் வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு மடங்கு வளர்ந்துவிடும். ஆளை ஏமாற்றுகிற பொய் இல்லை. காசுக்காகவும் இல்லை. மூச்சு விடுவதுபோல வருகிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 21, செவ்வாய்

நாளை திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. கடைசி நாள் என்று எண்ணெயில் பொரித்த பூன்ச்கி பன் வாங்க அடுமனையில் வரிசை தெருமுனை வரை. ஜாம் வைத்தது எனக்கு, கஸ்டர்ட் வைத்தது அவனுக்கு.

"இந்தத் தவக்காலத்துக்கு என்ன விடப்போற?" என்று கேட்டான். காபியில் சர்க்கரை என்றேன். அவனைக் கேட்டேன். பீராகத்தான் இருக்கும் என்று எனக்கு எண்ணம்.

"பொய்" என்றான்.

சிரித்துச் சிரித்து எனக்கு வாயெல்லாம் சர்க்கரைப் பொடி. அவன் சிரிக்கவில்லை. ஃபாதர் மாரெக் போன ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னாராம்: விட்டால் வலிக்கிற ஒன்றை விடுங்கள், சாக்லேட்டை விட்டுவிட்டு இடுப்பளவைப் பார்த்துக்கொள்ளாதீர்கள். இவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். ஃபாதருக்கு எங்கள் மகள் ஜோலினைவிட வயது குறைவு. யார் என்ன கேட்டுக்கொண்டு போகிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?

பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பல். ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. சாயந்தரம் தலைவலி. சர்க்கரை இல்லாத காபி மருந்துபோல இருக்கிறது.

பிப்ரவரி 24, வெள்ளி

சுத்தபோசனம், இறைச்சி கூடாது. எப்போதும்போல டூனா மீனும் நூடுல்ஸும் போட்டு அடுப்பில் வேகவைத்தேன். எப்போதும்போல "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேள்விகூட இல்லை அது, பரிமாறும்போது வாயில் தானாக வருவது.

அவன் முள்கரண்டியால் நூடுல்ஸைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். "எனக்கு இது பிடிக்காது இவோன்."

"உப்பு ஜாஸ்தியா?"

"இல்ல. எப்பவுமே பிடிச்சதில்ல. ஒரு தடவைகூட."

அதிர்ந்துபோனேன். கல்யாணமான முதல் வருடத் தவக்காலத்திலிருந்து இதைச் செய்கிறேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். இத்தனை வெள்ளிக்கிழமைகளும் அப்படியே முழுங்கியிருக்கிறானா? கோபம் வரவில்லை, அது வேறு விஷயம். ஒரு தட்டு நிறையப் பொய்யை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லையே!

அப்புறம் கடைக் கதையையும் சொன்னான். ஒரு ஆள் படகின் இஞ்சினைக் காட்டி "இது தாங்குமா?" என்று கேட்டானாம். "ஆகஸ்ட் வரைக்கும் தாங்கும், அப்புறம் புகையும்" என்று இவன் சொன்னானாம். முதலாளி காபிக் கோப்பையோடு உள்ளே போய்விட்டாராம்.

பிப்ரவரி 26, ஞாயிறு

பூசை முடிந்து மாட்டிறைச்சி வறுவல் செய்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்த மாதிரி வறுவல் இந்த ஊர்ல யாரும் பண்ண மாட்டாங்க" என்றான். என் முகம் மலர்ந்ததை நானே உணர்ந்தேன். விரதத்தில் இருக்கிறவன் வாயிலிருந்து வந்த வார்த்தை!

அதோடு விட்டானா? போன் வந்தது. எடுத்து, "இப்பத்தான் வாசல்ல காலை வெச்சேன், ஏரிக்குத்தான் கிளம்பிட்டிருக்கேன்" என்று அளந்துவிட்டான். சாய்வு நாற்காலியில் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"நார்ப்! விரதம் என்னாச்சு?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"அதனால?"

"ஞாயிறு தவக்காலக் கணக்குல சேராது. பீரை விட்ட வருஷம் ஞாயித்துக்கிழமை குடிச்சேனா இல்லையா? நீ காலைல காபில என்ன போட்ட?"

இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தேன். அவன் சொல்வது சரிதான். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்றைக்கு விட்டதைத் தொடலாம். ஆனால் பொய்யையுமா?

அப்படியானால் அந்த வறுவல்?

பிப்ரவரி 28, செவ்வாய்

 எழுதிவிட்டால் மனசு அடங்கும் என்று பார்க்கிறேன்.

இன்று மறுபடி தண்ணீர் சிவப்பு. இளஞ்சிவப்பு இல்லை, சிவப்பு. கூடத்துக்கு வந்து, "பீட்ரூட்டா நார்ப்?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

"இல்ல. ரத்தம்."

"எப்போலேர்ந்து?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

வானிலை அறிக்கை சொல்வதுபோலச் சொன்னான்.  கிறிஸ்துமஸுக்கு முன்னால்! குடிலுக்கு விளக்குப் போட ஏணியில் ஏறினானே, அப்போதும் ரத்தம் போயிருக்கிறது. ஜோலின் குடும்பத்தோடு வந்திருந்தாள், சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் சிரிக்கவைத்தானே, அன்றைக்கும். பக்கத்தில்தானே படுத்திருந்தேன்!

டாக்டரைக் கூப்பிட்டு நாள் வாங்கிவிட்டேன். அவன் மறுக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னான்.

தேவமாதாவே, இந்த முட்டாள் விரதம் இல்லாவிட்டால் இன்னும் பீட்ரூட் என்றுதானே சொல்லிக்கொண்டிருப்பான்?

மார்ச் 3, வெள்ளி

டாக்டர் பார்த்துவிட்டார். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம் என்றார். மூன்றாவது ஒன்றையும் சொன்னார். அதை எழுதமாட்டேன். பதினாலாம் தேதி வயிற்றை ஸ்கேன் எடுக்கவேண்டும்.

மார்ச் 7, செவ்வாய்

எனக்கு இது தேவைதான். நன்றாக வேண்டும் எனக்கு.

இரவுச் சாப்பாட்டில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். யூஜின் வாங்கிய படகைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரியின் பாட்டைப் பற்றி, எல்லாவற்றுக்கும் இவனிடமிருந்து உண்மை உண்மையாக வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த ருசியில் கேட்டுவிட்டேன். "என்னைக் கட்டிக்கும்போது பாலெட் ஞாபகம் இருந்துச்சா?" பாலெட் எனக்கு முன்னால் இவன் சுற்றிக்கொண்டிருந்த பெண். இப்போது ஃப்ளோரிடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். எங்களுக்குள் அது ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எத்தனையோ தடவை "பாலெட்டா? யாரது?" என்றிருக்கிறான்.

இன்று கரண்டியைக் கீழே வைத்தான். "கேக்காத இவோன். இன்னிக்கு செவ்வாய்க்கிழமை."

"கேட்டாச்சு."

"இருந்துச்சு."

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? "எதுவரைக்கும்?"

"ஜோலின் பொறக்கற வரைக்கும்."

மூன்று வருடம். எங்கள் முதல் வீடான அந்த மஞ்சள் வீட்டில் இருந்த காலம் முழுவதும். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருந்த காலம் என்று நான் எல்லோரிடமும் சொல்கிற அந்தக் காலம்.

தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன். பின்னால் வந்து நின்றான். ஏதாவது சொல்லமாட்டானா என்று இருந்தது. சொல்லிவிடுவானோ என்றும் இருந்தது.

மார்ச் 8, புதன்

இனிமேல் கிழமை நாட்களில் அவனிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். உப்பு போதுமா என்றுகூட. சத்தியம்.

மார்ச் 12, ஞாயிறு

கோயிலிலிருந்து வரும் வழியில், காரில், "அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் சும்மா. பாலெட்டை நான் நெனைச்சதே இல்ல. நீ மட்டும்தான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சொல்கிறான், பாவி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரேடியோவைப் போட்டேன்.

மார்ச் 14, செவ்வாய்

ஸ்கேன். தானே ஓட்டிக்கொண்டு போனான். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். கிழமை நாளில் சொன்னது என்பதால் மெய்யாகவே வேண்டாம்தான். வீட்டிலேயே இருந்து ஜெபமாலையில் துக்க மறையுண்மைகள் சொன்னேன். மணிகள் எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்று நடுவில் மறந்துபோயிற்று.

முடிவு போனில் சொல்வார்களாம். அவன் கைப்போனில்.

மார்ச் 16, வியாழன்

போன் வந்ததா என்று நான் கேட்கவில்லை. வந்தது என்று அவன் சொல்லவும் இல்லை.

மார்ச் 19, ஞாயிறு

சொல்லிவிட்டான்! ஒன்றும் இல்லை!

பூசை முடிந்து படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டான். "டாக்டர் கூப்பிட்டாரு. சின்னக் கல்லாம். தானா வெளிய வந்துடுமாம். தண்ணி நிறைய குடிக்கணும், அவ்வளவுதான்." அங்கேயே, சூசையப்பர் சொரூபத்துக்கு முன்னால், எல்லோரும் பார்க்க அவன் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். கோட்டில் டீசல் வாசனை அடித்தது. ஃபாதர் மாரெக் ஓடிவந்து என்ன என்று கேட்டார். கல்லு ஃபாதர், வெறும் கல்லு என்றேன்.

ஜோலினுக்கு போன் செய்தேன். யூஜினுக்கும் செய்தேன். எலுமிச்சைக் கேக் செய்து அக்கம்பக்கம் கொடுத்தேன். ஞாயிறுதானே, நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். பாலெட்டாவது பட்டாணியாவது. என் புருஷன் பிழைத்தான்.

மார்ச் 22, புதன்

அவனுக்குத் தண்ணீர் ஜாடி வாங்கினேன், அளவுக் கோடு போட்டது. வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. களைத்துத் தெரிகிறான். வசந்த காலத்தில் படகுக் கடைக்கு வேலை அதிகம்தான். நான் எழுவதற்கு முன்னே போய்விடுகிறான், இருட்டி வருகிறான்.

மார்ச் 24, வெள்ளி

இதை எப்படி எழுதுவது?

பங்கு மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல். எண்ணெய்ச் சட்டி யூஜினுடையது, முட்டைக்கோஸ் சாலட் என்னுடையது. கூட்டமென்றால் கூட்டம். ஆற்றுப்பக்க கிளப்பில் இன்று நீர்எலி விருந்து (இந்த ஊரில் தவக்காலத்துக்கு அதுவும் மீன் கணக்குத்தான்), இருந்தும் இங்கே வரிசை குறையவில்லை. தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்று எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான் யூஜின்.

"என் மச்சான் இருக்கானே நார்பர்ட், போன ஞாயிறு என் மாவைத் தொட்டு நக்கிட்டு, 'யூஜின், டெட்ராய்ட் வரைக்கும் தேடினாலும் இப்படி மாவு கிடைக்காது'ன்னான். எனக்குத் தலை கால் புரியல. வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்டப் பீத்திக்கிட்டேன். அவ ஒரு வார்த்தை கேட்டா பாரு, 'என்னிக்குச் சொன்னாரு?'ன்னு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இனிமே ஞாயித்துக்கிழமை அவன் சொல்றதை நான் காதுலயே வாங்க மாட்டேன்" என்றான் யூஜின். நானும் சிரித்தேன். கரண்டியில் சாலட்டை அள்ளி ஒருத்தர் தட்டுக்கு மேலே பிடித்திருந்தேன்.

பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

போன ஞாயிறு. படியில். கையைப் பிடித்துக்கொண்டு.

வியாழனோ வெள்ளியோ போன் வந்திருக்கும். அன்றே சொல்லியிருக்கலாம். சனியும் இருந்தது. நல்ல சேதியை எவனாவது மூடி வைத்திருந்து ஞாயிறு சொல்வானா?

"அம்மா, சாலட்" என்றார் தட்டை நீட்டியவர். போட்டேன். அடுத்தவருக்கும் போட்டேன். எல்லோருக்கும் போட்டு முடித்தேன். யார் யார் என்று ஒரு முகமும் நினைவில்லை.

நார்பர்ட் மண்டபத்தின் அந்தக் கோடியில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் 25, சனி

கேட்டால் சொல்லிவிடுவான். இன்று சனிக்கிழமை. ஒரே கேள்விதான். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான்.

கேட்கவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

இன்று கேட்டேன். ஆமாம், இன்றுதான் கேட்டேன்! "கல்லுதானே நார்ப்?"

"கல்லுதான்."

"தானா வந்துடுமா?"

"வந்துடும்."

பூசை உதவிப் பையனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். "அப்பாடா" என்றேன். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது. பொய் என்று தெரிந்தும் பசித்தவள் சோற்றைப் பார்த்ததுபோல அதை வாங்கிக்கொண்டேன். இத்தனை வருடமும் இவன் தானாகப் பொய் சொன்னானா, நான் கேட்டு வாங்கினேனா?

மார்ச் 29, புதன்

டாக்டர் ஆபீஸுக்குப் போன் செய்தேன். நார்பர்ட் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் எனக்கு எதுவும் சொல்லமாட்டார்களாம். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "அவர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன் மேடம்" என்றாள்.

மார்ச் 30, வியாழன்

காலையில் அவன் கார் ஷெட்டைவிட்டு நகரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இஞ்சினைப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்துகொண்டு போகவேண்டியதுதானே? போகவில்லை. காபி ஆறிப்போகும்வரை அவன் அங்கே, நான் இங்கே.

ஏப்ரல் 1, சனி

பாஸ்குக்கு, ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம். என் பாவங்களைச் சொல்லி முடித்துவிட்டு, "ஃபாதர், தவக்காலத்துக்குப் பொய்யை விட்டவன் ஞாயிற்றுக்கிழமை பொய் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

கிராதிக்கு அந்தப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "யாரு, நார்பர்ட் அண்ணனா?" என்றார். அப்புறம் என் மூச்சைக் கேட்டிருப்பார் போலிருக்கிறது. சிரிப்பு நின்றது. "நாமா விடற ஒறுத்தலுக்குத்தாம்மா ஞாயிறு லீவு. பத்துக் கட்டளைக்கு லீவே கிடையாதே. நான் அதைச் சொல்லாம விட்டுட்டேன் போல."

"அவர் சொன்ன பொய் எனக்குத் தேவையா இருக்கு ஃபாதர்."

 "என்னிக்கு வரைக்கும் தேவைப்படும்?" என்று கேட்டார்.

அதற்குத்தான் இன்று முழுவதும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். பாஸ்கு வந்தால் விரதம் முடிந்தது. பிறகு எந்தக் கிழமை கேட்டாலும் கல்லுதான். ஒரு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் கல்லுதான்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

குருத்தோலை வாங்கிக் கூடத்துச் சிலுவையில் செருகினான். கையைத் தூக்கியபோது பெல்ட்டுக்கு மேலே கால்சட்டை சுருங்கிக் கிடந்தது. பெல்ட்டில் புது ஓட்டை ஒன்று போட்டிருக்கிறான், ஆணியால்.

ஏப்ரல் 4, செவ்வாய்

கேட்கவில்லை.

ஏப்ரல் 5, புதன்

கேட்கவில்லை. சீ.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

கேட்டுவிட்டேன்.

பன்னிரண்டு முதல் மூன்று வரை எங்கள் வீட்டில் யாரும் பேசக்கூடாது. அவன் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற நேரம். டிவி இல்லை, போன் இல்லை. கடைக்கும் அரைநாள் விடுமுறை. எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. அவன் இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலிக்கிறவன் உட்கார்வதுபோல.

வாயைத் திறந்தேன். சிறுவயதிலிருந்து ஒரு வருடம்கூட நான் அந்த மௌனத்தைக் கலைத்ததில்லை.

"அது கல்லா நார்ப்?"

அவன் விரலை உதட்டில் வைத்தான்.

"பேச வேணாம். தலையை ஆட்டு போதும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

என்னையே பார்த்தான். இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினான். மெதுவாக, ஒரே ஒரு தடவை.

அதற்குமேல் மூன்று மணிவரை நாங்கள் பேசவில்லை. நான் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததுதான். இரண்டு வாரமாகத் தெரியும். தெரிந்திருந்தும் உடம்பெல்லாம் குளிர்ந்துபோய்ப் பல் அடித்துக்கொண்டது. அவன் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி என்மேல் போட்டான்.

மூன்று அடித்ததும் சொன்னான். இடது சிறுநீரகத்தில் கட்டி. எலுமிச்சை அளவு. எடுத்துவிட்டால் பிழைக்க வழி இருக்கிறது என்றாராம் டாக்டர். மார்ச் கடைசியிலேயே ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தாராம். இவன் வேண்டாம் என்றானாம்.

"ஏன்டா? ஏன் வேண்டாம்னே?"

"லியான் மதியம் சாப்பிட வந்துடறேன்னு சொல்லிட்டுத்தானே போனான்." லியான் இவன் அண்ணன். ஆபரேஷனுக்கென்று இதே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தார்கள். எழுந்திருக்கவே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கல இவோன்." குரல் உடைந்துபோயிற்று அவனுக்கு. "நீ கேட்டுடுவியோன்னு பயந்து விடியறதுக்கு முன்னாடி ஓடினேன். நீ கேட்டா நல்லா இருக்குமேன்னு சாயங்காலம் திரும்பி வந்தேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் இங்கதானே இருந்தேன்? நீ உப்பு போதுமான்னுகூட கேக்கல."

அடித்ததுபோல இருந்தது.  சிலுவைப்பாதைக்கு நேரமாயிற்று, போனோம். ஒவ்வொரு தலத்திலும் அவன் முழந்தாளிட்டு எழும்போது நான் கை கொடுத்தேன்.

ஏப்ரல் 8, சனி

இன்றுதான் கடைசி. இன்று வாங்குகிற வார்த்தைதான் வார்த்தை. காலையிலிருந்து விடவில்லை.

"ஆபரேஷனுக்கு வருவியா?"

"தெரியல."

"வர்றேன்னு சொல்லு."

"சொல்ல முடியல. இன்னிக்குச் சொல்ல முடியல. எனக்குப் பயமா இருக்கு."

முட்டைக்குச் சாயம் தோய்த்துக்கொண்டே கேட்டேன். பாஸ்கு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டேன். கத்தினேன். கெஞ்சினேன். ஜோலினிடம் போனைக் கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, எனக்காகப் பண்ணிக்கோங்கப்பா" என்று அழுதாள். அவனும் அழுதான். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லவில்லை. இந்த மனுஷனா நான்காம் வகுப்பில் வீட்டுப்பாடம் காற்றில் போயிற்று என்றவன்? ஒரு பொய் சொல்லித் தொலையேன் என்று கத்த வந்தது எனக்கு.

கடைசியில் வேறொன்றைக் கேட்டேன். கேட்கக்கூடாதுதான். "ஜோலின் பொறந்தப்புறம்?"

"அப்புறம் நீதான். வேற யாரும் இல்ல." பிறகு, "அதனாலதான் பயமே. அதுக்கு முன்னாடின்னா சும்மா போய்ப் படுத்திருப்பேன்" என்றான்.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

பூசைக்குப் பிறகு வாசலில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் என் காதருகே குனிந்து, "ஆபரேஷனுக்கு வர்றேன். கண்டிப்பா வர்றேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை! விரதமும் முடிந்தாயிற்று! இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஏப்ரல் 10, திங்கள்

கடைக்குப் போய்விட்டான். விசில் அடித்துக்கொண்டு போனான். விசிலுக்கு என்ன அர்த்தம்?

ஏப்ரல் 12, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி காலை, வெறும் வயிற்றோடு வரவேண்டும். நான் தப்பான நம்பரோ என்று பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். நார்பர்ட்டேதானாம். திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் அவனே போன் செய்து நாள் கேட்டானாம். எனக்கும் எல்லாம் சொல்லலாம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறானாம்.

நாட்காட்டியில் பத்தொன்பதைச் சுற்றி வட்டம் போட்டேன்.

ஏப்ரல் 19, புதன்

எடுத்துவிட்டார்கள். முழுவதும் எடுத்தாயிற்று என்கிறார் டாக்டர். வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பியிருக்கிறது. அது வரும்போது வரட்டும். கண் விழித்தான். என்னைப் பார்த்து, "மதியம் ஆயிடுச்சா?" என்றான்.

ஏப்ரல் 20, வியாழன்

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் புது நர்ஸ் வந்தாள். சின்னப் பெண். "வலி எவ்வளவு இருக்கு சார்? பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க."

"ரெண்டு" என்றான் நார்பர்ட். நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"ஏழுன்னு எழுதிக்கோம்மா" என்றேன்.

அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவர் ரெண்டுன்னு சொல்றாரே மேடம்."

"தவக்காலம் முடிஞ்சு போச்சும்மா. ஏழுன்னு எழுது."

"மன்னிச்சுக்கோங்க, அவர் வாயால சொல்றதைத்தான் நான் எழுத முடியும்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "நார்ப், எவ்வளவு வலிக்குது?" என்று கேட்டேன். அவன் கூரையைப் பார்த்தான், நர்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறவன்போல வாய் ஒரு பக்கம் கோணியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"எட்டு" என்றான்.

நர்ஸ் மருந்து எடுத்துவர ஓடினாள். நான் ஒன்று குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.